மைதானத்தின் ஞாபகக்காரர்கள்

2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில், கொரோனா அச்சத்தால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படாத அரங்கில், ஏ.டி.கே. என்ற கொல்கத்தா அணி சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று தோற்கடித்து இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. ஆறு பருவங்களில் அதற்கு அது மூன்றாவது கோப்பை. அந்நாளில் இந்தியாவில் வேறெந்த அணியும் அந்தக் கோப்பையை மூன்று முறை வென்றதில்லை. சில மாதங்களில் அந்த அணி தனி அணியாக இல்லாமல் போனது. அதன் உரிமையாளரான ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமம் மோகன் பகான் கிளப்பின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கை வாங்கி, இரண்டையும் இணைத்து, ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்று பெயர் வைத்தது. மூன்று கோப்பை வென்ற அணி மறைந்ததற்காகக் கொல்கத்தாவில் ஒரு கடை அடைக்கப்படவில்லை, ஒரு பதாகை ஏறவில்லை. ஆனால் மோகன் பகான் என்ற பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துகள் ஒட்டப்பட்டதற்காக அந்த ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயவில்லை. அரங்கில் பதாகை பிடித்தார்கள், தெருவில் ஊர்வலம் போனார்கள், தங்கள் அணி ஜெயித்த இரவிலும் அந்த எழுத்துகளை நீக்கச் சொன்னார்கள். 2023 மார்ச் 18 அன்று அதே ஃபதோர்தாவில் பெங்களூரு அணியைப் பெனால்டியில் வென்ற கையோடு, அந்த மூன்று எழுத்துகளும் இனி இருக்காது என்று கோயங்காவே அறிவித்தார். பதிலுக்கு வந்தது ‘மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்’. அதிலும் முதலாளியின் கிரிக்கெட் அணி வாடை அடிக்கிறது என்று முணுமுணுத்தபடியேதான் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே நகரம், ஒரே முதலாளி, ஒரே விளையாட்டு. ஒன்று மறைந்ததும் மறக்கப்பட்டது. மற்றதன் பெயரில் ஒரு கீறல் விழுந்தால்கூடப் பொறுக்க ஆள் இல்லை. வெற்றியால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது, ஏனென்றால் கோப்பைகள் ஏ.டி.கே.யிடமும் இருந்தன. பணத்தாலும் முடியாது, பணம் இருந்ததே அந்தப் பக்கம்தான். மோகன் பகானுக்கு இருந்தது, ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம். தேநீர்க் கடையில், டிராமில், கிளப்பின் கூடாரத்துக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்து, பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பழக்கத்தை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் கிளப் என்று மிஞ்சுவது ஒரு பதிவு எண்ணும் வாடகை ஒப்பந்தமும் மட்டுமே என்பது என் கட்சி. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளின் வரலாற்றை அவற்றின் ரசிகர்கள் நினைவுகூரும் விதத்திலிருந்தே இதைக் காட்ட முடியும்.

1911 ஜூலை 29இலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். 1889இல் பிறந்த மோகன் பகான் அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. அந்த ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி அதுதான். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார். முதல் கோலைப் போட்டது ராணுவ அணிதான். அணித் தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், கடைசி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் வெற்றி கோலைப் போட்டார். கூட்டம் 60,000 என்பாரும் உண்டு, 80,000 என்பாரும் உண்டு. மைதானத்தைச் சுற்றி அரங்கம் இல்லாத காலம். பின்னால் நின்றவர்களுக்குப் பந்து தெரியாது என்பதால் காற்றாடியைப் பறக்கவிட்டு கோல் கணக்கைச் சொன்னார்கள். இன்றைய ரசிகர் எவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் அல்லர். பார்த்தவரைப் பார்த்தவர்கூட அரிதாகிவிட்டார்கள். ஆனாலும் ஜூலை 29 ஆண்டுதோறும் ‘மோகன் பகான் நாள்’ என்று கொண்டாடப்படுகிறது. அந்தப் பதினொரு பெயர்களையும் ஆடிய இடத்தோடு ஒப்பிக்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். ஒரு ராணுவப் பிரிவைக் கால்பந்தில் வென்றது பெரிய காரியமா என்று கேட்கலாம். 1905இல் வங்காளத்தைப் பிரித்துப்போட்டு, வங்காளிகள் உடல் வலுவற்ற எழுத்தர்கள் என்று ஏளனமும் செய்த அரசின் சிப்பாய்களை, அவர்கள் கற்றுத்தந்த ஆட்டத்தில், அவர்களின் நடுவர் விசில் ஊதும்போது, வெறுங்காலால் வென்றார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த 2-1 புரியும். அந்தச் சேர்த்துப் படித்தலைப் பதிவேடு செய்யாது. நினைவுகூர்பவர்கள்தான் செய்கிறார்கள்.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. நினைவு பொய் சொல்லும் என்பது அது. உண்மைதான், தாராளமாகச் சொல்லும். 1911 ஆட்டம் முடிந்து வீரர்கள் ஷீல்டோடு திரும்பும்போது ஒருவர் வந்து, வில்லியம் கோட்டைமேல் பறந்த ஆங்கிலேயர் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் அடுத்த முறை இந்த ஷீல்டை வெல்லும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பகான் அடுத்த முறை ஷீல்டை வென்றது 1947இல். கேட்டவர் கிழவர் என்பது ஒரு வடிவம், சந்நியாசி என்பது இன்னொன்று. சொன்னவர் யார் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். 1947க்குப் பிறகு பின்னோக்கிப் பின்னப்பட்ட கதை என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை. அதே 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தானதும் தலைநகர் தில்லிக்கு மாறியதும் மோகன் பகான் கொடுத்த அடியால்தான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அரசாங்கங்கள் அத்தனை எளிதில் கோல் வாங்குவதில்லை.

ஆனால் இந்த மறுப்பு அடிக்கும் இடம் வேறு. ரசிகரின் நினைவு துல்லியமான சாட்சியம் என்று நான் வாதிடவில்லை. மதிப்பெண் தெரிய வேண்டுமென்றால் பழைய நாளிதழைப் புரட்டிக்கொள்ளலாம். கொடிக் கதை பொய்யாக இருந்தாலும், அதைச் சொல்லத் தேவைப்பட்ட ஒரு சமூகம் இருந்தது என்பது பொய்யல்ல. ஒரு கால்பந்து வெற்றியையும் ஒரு நாட்டின் விடுதலையையும் முடிச்சுப்போட்டே ஆக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஏன் நினைத்தார்கள் என்பதுதான் கிளப்பின் உண்மையான வரலாறு. அதற்கான சான்று அந்தக் கட்டுக்கதைதான். அது இல்லாவிட்டால் 1911 என்பது பட்டியலில் ஒரு வரி. அதற்கு முன்னும் பின்னும் அந்த ஷீல்டை வென்ற ராணுவ அணிகள் எத்தனையோ. அவற்றின் பெயரைச் சொல்ல இன்று கொல்கத்தாவில் ஆள் கிடைப்பது கடினம்.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நினைவு இன்னும் சுவையானது, இன்னும் முரண்பட்டது. 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்ற வீரரைக் காரணமின்றி ஒதுக்கியது. அவர் கிழக்கு வங்காளத்தவர் என்பதே காரணம் என்று கோபித்து வெளியேறியவர்கள் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய கிளப் அது. பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்த லட்சக்கணக்கானோருக்கு, வீடும் நிலமும் ஊரும் போன பின்னர், ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒன்றாக அந்தச் சிவப்பு-மஞ்சள் ஜெர்சி ஆனது. மேற்கு வங்காளத்தின் பூர்வகுடிகளான ‘கோட்டி’கள் மோகன் பகானுக்கு, கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’கள் ஈஸ்ட் பெங்காலுக்கு. ஒருவர் ஜெயித்தால் இறால், மற்றவர் ஜெயித்தால் இலிஷ் மீன். இந்தப் பாகப்பிரிவினையை மூன்று தலைமுறைகள் கடந்தும் குடும்பச் சொத்துபோலக் காக்கிறார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். 1911இன் மோகன் பகான் அணியில் தலைவர் சிப்தாஸ் பாதுரி உட்படப் பலர் கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கண்ணில் நீர் தளும்பச் சொல்லும் ‘பஞ்ச பாண்டவர்கள்’ யார்? அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐவரும் தென்னிந்தியர்கள். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, 1951இலும் 1952இலும் தூரந்த் கோப்பை என்று அந்தக் காலத்தை அள்ளியவர்கள் இவர்கள்தான். இழந்த மண்ணின் மானத்தைக் காத்தவர்கள் என்று அகதிகள் தோளில் தூக்கியவர்களில் ஒருவர்கூட அந்த மண்ணில் பிறந்தவர் இல்லை.

இதைச் சொல்லி ரசிகர்களை மடக்கிவிட்டதாக ஆய்வாளர்கள் சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு இது எதிர்ப்புறமாகத் தெரிகிறது. பிறப்பால் வந்த உறவு என்றால் நினைவு தேவையில்லை, ரத்தம் போதும். பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்து ஆடிய ஐவரை மகாபாரதப் பெயரிட்டுத் தம் குலத்தில் சேர்த்துக்கொண்டது நினைவின் வேலை. மொழியும் மதமும் ஊரும் வேறான ஆட்களைத் தங்கள் முன்னோர்களாக ஏற்க ஒரு சமூகத்தால் முடிந்திருக்கிறது என்பதற்குக் கால்பந்து தவிர அதிக உதாரணங்கள் நம் நாட்டில் கிடையாது.

அந்தத் தாராளம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மொகமதன் ஸ்போர்ட்டிங் 1934இல் கல்கத்தா லீக்கை வென்றது. அதை வென்ற முதல் இந்திய கிளப் அது. அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. 1936இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் அதன் கைக்கு வந்தது. 1940இல் தில்லியில் தூரந்த் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. மழையில் நனைந்த தரையில் பூட்ஸ் அணிந்து ஆடுவது, ஊர் ஊராகத் தேடி ஆட்களைச் சேர்ப்பது என்று நவீன கிளப்பின் வழிமுறைகளை முன்கூட்டியே கண்டுகொண்ட அணி. ஆங்கிலேயரை வெல்வதுதான் அளவுகோல் என்றால் ஐந்து லீக் பட்டங்கள் ஒரு ஷீல்டைவிடக் கனமானவை. ஆனால் தேசத்தின் பொது நினைவில் 1911 பாடப்புத்தகமாகவும் 1934 அடிக்குறிப்பாகவும் நிற்கிறது. முப்பதுகளின் வகுப்பு அரசியலும், அதைத் தொடர்ந்த பிரிவினையும் அந்த வெற்றியை ‘அவர்களுடையது’ ஆக்கிவிட்டன. மொகமதன் ரசிகர்கள் மட்டும் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லாமல் போயிருந்தால், எத்தனையோ தளர்ந்த பருவங்களைத் தாண்டி 2024இல் அந்த கிளப் சூப்பர் லீக்கில் கால் வைத்தபோது அதை வரவேற்க ஒரு தனியார் முதலீட்டாளரைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கூட்டு நினைவுக்குக் குருட்டுப் பகுதி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து இன்னும் கூடுதலான நினைவுதான், மறதி அல்ல.

இவையெல்லாம் வெற்றிப் பெருமிதம்தானே, கிளப்பின் விளம்பரப் பிரிவு செய்யும் வேலையை ரசிகர் இலவசமாகச் செய்கிறார், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரம் தோல்வியைச் சொல்லாது. ரசிகர் தோல்வியைத்தான் அதிகம் சொல்கிறார். 1975 செப்டம்பர் 30, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம், ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. அந்த நாளைப் பற்றி ஈஸ்ட் பெங்கால் ரசிகரைவிட மோகன் பகான் ரசிகரிடம்தான் அதிகம் கேட்கலாம். எந்த கோலில் எந்தத் தடுப்பாட்டக்காரர் வழுக்கினார் என்பதுவரை வரும். அன்றிரவு வீரர்கள் சிலர் ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் படகில் ஒளிந்திருந்தார்கள் என்ற கதையும் கூடவே வரும். 2009 அக்டோபரில் ஐ-லீக்கில் மோகன் பகான் ஈஸ்ட் பெங்காலை 5-3 என்று வென்றது, நைஜீரிய வீரர் சிடி எடே நான்கு கோல் போட்டார். அன்று கொண்டாடியவர்கள் அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலைப் பார்க்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுக் கடன் அடைந்ததா என்று பார்த்தார்கள். மூன்று கோல் திரும்ப வாங்கியதால் அடையவில்லை என்று வாதிடும் கணக்குப்பிள்ளைகளும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

1980 ஆகஸ்ட் 16 இதைவிட ஆழமானது. ஈடன் கார்டன்ஸில் இந்த இரு அணிகளும் ஆடிய நாளில், களத்தில் நடந்த முரட்டு மோதல் அரங்குக்குப் பரவி, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள், வெளியேறும் வழிகள் போதவில்லை. டெர்பி எனப்படும் இந்த இரு அணிகளின் மோதலின் புகழைப் பாடுபவர்களுக்கு இந்த நாளை மூடி மறைப்பது வசதியாக இருந்திருக்கும். கொல்கத்தா அதை மறைக்கவில்லை. ஆகஸ்ட் 16 கால்பந்து அன்பர்கள் நாளாக அனுசரிக்கப்படுகிறது, ரத்ததான முகாம்கள் நடக்கின்றன. ரசிகர் வெறி ஆபத்தானது என்ற மறுப்புக்கு எளிய பதில் எதுவும் இல்லை, அது ஆபத்தானதுதான். ஆனால் தன் குற்றத்தை நாள் குறித்து நினைவில் வைத்திருக்கும் கூட்டத்தைக் குருட்டு வெறியர் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதை அடுத்து டெர்பி ரத்தானபோது, போட்டி அணிகளின் ரசிகர்கள் சால்ட் லேக் அரங்குக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். நூறாண்டு எதிரிகள் ஒரே கோஷம் போட்டதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். ஒருவரை ஒருவர் இத்தனை காலம் இத்தனை நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பவர்கள் அந்நியர்கள் அல்லர் என்பதால் எனக்கு அதில் வியப்பு இல்லை.

பழங்கதை கண்ணைக் கெடுக்கும் என்பதையும் நான் ஏற்பதில்லை. 1997 ஜூலை 13 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக்கில் 1,31,781 பேர் வந்தார்கள் என்பது பதிவு. எதற்காக? மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ‘டயமண்ட்’ என்ற வியூகத்தால் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்தார், எதிரணி வீரர்களை வாயாலும் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி வாய் திறக்காமல் இருந்தார். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கோல்களை மட்டும் பேசுவதில்லை. முன்னேறித் தாக்கும் வியூகத்தில் பின்னால் எவ்வளவு இடம் திறந்து கிடக்கும், அதை ஒரு வேகமான முன்கள வீரன் எப்படிப் பயன்படுத்துவான் என்று தரையில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். பயிற்சிப் பள்ளி கற்றுத்தராத ஆட்ட அறிவு அது.

கடினமான மறுப்பு பணத்தைப் பற்றியது. நினைவு சம்பளம் கொடுக்காது. இந்த கிளப்புகளை நடத்திய நிர்வாகங்கள் பெரும்பாலும் கடனிலும் கோஷ்டிச் சண்டையிலும் மூழ்கியவை. வெளி முதலீடு இல்லாமல் இவை சூப்பர் லீக்குக்கு வந்திருக்கவே முடியாது. ஈஸ்ட் பெங்கால் 2018இல் குவெஸ் நிறுவனத்தோடும், 2020இல் ஸ்ரீ சிமென்ட்டோடும், 2022இல் இமாமியோடும் கைகோத்தது. மூன்று முதலீட்டாளர்கள், நான்கே ஆண்டுகளில். 2021இல் கிளப்பின் விளையாட்டு உரிமைகளை யார் வைத்துக்கொள்வது என்ற ஒப்பந்தத் தகராறில் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து கூடாரத்தின் முன் மோதி, போலீஸ் தடியடிவரை போனது. நிர்வாகத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் கிளப்பின் மானம் என்ற ஒரே வாதத்தைத்தான் வைத்தார்கள். ஆக, நினைவு ஒரு நிர்வாகத் திட்டம் அல்ல. அதைக் காட்டித் திறமையின்மையை மூடுபவர்களும் இருக்கிறார்கள். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கேள்விக்குக் கணக்காளர்கள் பதில் சொல்ல வேண்டும். கோயங்காவிடம் ஏற்கெனவே சாம்பியன் அணி இருந்தது. வீரர்கள் இருந்தார்கள், பயிற்சியாளர் இருந்தார், லீக்கில் இடம் இருந்தது. பிறகு அவர் எதை வாங்கினார்? கடனில் இருந்த ஒரு கிளப்பின் பச்சை-மெரூன் நிறத்தையும், பாய்மரப் படகுச் சின்னத்தையும், அவற்றைப் பார்த்தால் எழுந்து நிற்கும் கூட்டத்தையும்தான். சந்தையில் விலை போகாதது என்று சொல்லப்படும் நினைவுக்குத்தான் அவர் விலை கொடுத்தார். கொடுத்த பிறகும் அது முழுக்கத் தன்னுடையதாகவில்லை என்பதை மூன்று ஆண்டுகளில் கற்றுக்கொண்டார்.

இதே ஊரில் எதிர்ச் சான்றும் இருக்கிறது. ஈஸ்டர்ன் ரயில்வே 1958இல் மூன்று பெரிய கிளப்புகளையும் பின்னுக்குத் தள்ளி கல்கத்தா லீக்கை வென்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு முதல் கோல் போட்ட பி.கே. பானர்ஜி அந்த அணியின் ஆட்டக்காரர். கடைசிவரை பெரிய கிளப் எதற்கும் அவர் ஆடவில்லை. நிறுவனம் பலமானது, வேலை நிரந்தரம், சம்பளம் ஒழுங்கு. இன்று ஈஸ்டர்ன் ரயில்வேயின் நிறம் என்னவென்று கேட்டால் கொல்கத்தாவிலேயே சொல்லத் தெரிந்தவர் சிலர்தான். டெர்பியிலேயே உழன்று 1956 மெல்பர்ன் நான்காம் இடத்தையும் 1962 தங்கத்தையும் வங்க ரசிகர்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. உள்ளூர் நினைவு தேசிய அணியை நிழலில் தள்ளியது. அதற்குத் தண்டனையாக உள்ளூர் நினைவையும் கைவிடு என்பது விசித்திரமான தீர்ப்பு. தேசிய அணிக்கென்று அப்படியொரு கூட்டத்தை உருவாக்கத் தவறியவர்கள் யார் என்றல்லவா கேட்க வேண்டும்?

அந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. 2018-19 ஐ-லீக்கின் கடைசி நாளான மார்ச் 9 அன்று, ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை வென்றும் பட்டத்தை இழந்தது. அதே நேரத்தில் கோயம்புத்தூர் நேரு அரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி. பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43-42 என்று ஒரே புள்ளியில் முந்திக்கொண்டது. ஐ-லீக் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லாத ஈஸ்ட் பெங்காலின் ரசிகர்கள் அந்த ஒரு புள்ளியை இன்னும் எண்ணி எண்ணிப் புண்படுகிறார்கள். வென்ற அணியோ சில ஆண்டுகளுக்குள் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது. தமிழ்நாட்டில் அதற்காக யாரும் கூடாரத்தின் முன் உட்காரவில்லை. தோற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் வெற்றியை வென்றவர்களின் ஊர் மறந்திருக்கிறது. அன்று கோவை அரங்கின் படிகளில் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யார் ஆடினார், எந்த கோல் எப்படி விழுந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன கத்தினார் என்பதை அவர்கள் எழுதி வைக்க வேண்டும். கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் பரவாயில்லை.